மூடுபனி விளக்கு: ஏற்ற வேண்டிய நேரமும் அணைக்க வேண்டிய நேரமும்

மார்கழியும் தையும் உழவர்க்கு ஓய்வளிக்கும் மாதங்கள் அல்ல. சம்பா அறுவடை, கரும்பு வெட்டு, பூப்பறிப்பு, பால் கறவை ஆகிய யாவும் பொழுது புலருமுன்னரே தொடங்கிவிடுகின்றன. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு விரைவோர், காய்கறி மூட்டைகளுடன் உழவர் சந்தைக்குச் செல்வோர், ஆலைக்குக் கரும்பு இழுத்துச் செல்லும் டிராக்டர்கள், அறுவடை இயந்திரங்கள், தைப்பூசத்துக்காகப் பழனி நோக்கி நடக்கும் அடியார்கள் ஆகிய எல்லோரும் ஒரே சாலையில்தான் செல்கின்றனர். அந்த வேளையில்தான் மூடுபனியும் அச்சாலைமீது இறங்கி நிற்கிறது.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை ஐந்தரை மணி. ஏரிக்கரைச் சாலை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகச் செல்கிறது. அதன் பின்விளக்கைக் கரும்புச் சோகை மறைத்திருக்கிறது. எதிரே ஒரு வேன், தன்னிடமுள்ள விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டுக்கொண்டு வருகிறது. அந்த ஒளி டிராக்டர் ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. சாலையோரத்தில் சைக்கிளை மிதித்துச் செல்லும் பால்காரர் எவர் கண்ணுக்கும் தென்படவில்லை. இம்மூவரில் எவரும் தீயவர் அல்லர். வேன் ஓட்டுபவர், விளக்கு மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்றே எண்ணுகிறார். அவ்வெண்ணம் தவறானது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மூடுபனி உண்டாகும் முறை

வானம் தெளிந்து, காற்று அடங்கியுள்ள இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த நிலத்தை ஒட்டியுள்ள ஈரக் காற்றும் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கிறது. இதுவே மூடுபனி. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் ஏரிகளும் வாய்க்கால்களும் நிரம்பி, வயல்களில் ஈரம் தங்கியிருப்பதால், மார்கழி, தை மாதங்களில் இது நம் சமவெளிகளில் மிகுதியாகத் தோன்றுகிறது. தாழ்வான இடங்கள், ஓடைப் பாலங்கள், ஏரிக்கரைகள் ஆகியவற்றில் முதலில் படிகிறது. பொழுது புலரும் வேளையிலும், அதற்குச் சற்றுப் பின்னரும் அடர்த்தி மிகுகிறது. வெயில் ஏறியபின் கலைகிறது.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்ற மலைப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கு மேகமே மலைமீது தவழ்ந்து சாலையை மூடுகிறது. ஆகவே, மழைக்காலத்தில் பட்டப் பகலிலும் அங்கு மூடுபனியை எதிர்பார்த்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் தொலைவு 1,000 மீட்டருக்குக் குறைந்தால் அதனை மூடுபனி என்று வானிலைத் துறையினர் வகுத்துள்ளனர். 200 மீட்டருக்குக் குறைந்தால் அது அடர்ந்த மூடுபனி; 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. இந்த எண்களை நினைவில் இருத்துவது நன்று. விளக்கை எப்போது ஏற்றுவது என்பதற்கு இவையே அளவுகோலாகும்.

ஒளி வெண்சுவராவது ஏன்?

நெல் அவிக்கும் கொட்டகையில் ஆவி நிறைந்திருக்கும்போது டார்ச் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எதிரே வெள்ளைத் திரை ஒன்றே தெரியும். அதே விளக்கை முழங்காலுக்குத் தாழ்த்தித் தரையை நோக்கிப் பிடித்தால் கால் வைக்க வேண்டிய இடம் ஓரளவு புலப்படும். சாலையிலும் இதுவே நிகழ்கிறது.

மூடுபனியிலுள்ள ஒவ்வொரு துளியும் தன்மீது படும் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கிறது. அவ்வாறு சிதறிய ஒளியில் ஒரு பகுதி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. முகப்பு விளக்கை ‘பிரைட்’ நிலையில் வைத்தால், ஒளி மேல்நோக்கிப் பாய்ந்து, கண்ணுக்கும் சாலைக்கும் இடையிலுள்ள துளிகள் அனைத்தையும் வெண்மையாக்கிவிடுகிறது. அப்போது விளக்கின் வலிமை கூடக் கூட, எதிரே நிற்கும் வெண்சுவரும் தடித்துக்கொண்டே போகும். மூடுபனியில் ‘டிம்’ நிலையே தக்கது என்பதன் காரணம் இதுதான்.

மூடுபனி விளக்கு, அதாவது வண்டிக்காரர்கள் ‘ஃபாக் லைட்’ என்று கூறுவது, இந்த இடையூற்றைக் குறைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அது முகப்பு விளக்குக்கும் கீழே, தரைக்கு அண்மையில் பொருத்தப்படுகிறது. அதன் ஒளி அகலமாகப் பரவும். மேற்புறம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். ஆகவே, கண்ணுக்கு நேரேயுள்ள துளிகளில் அது மிகுதியாகப் படுவதில்லை. வண்டிக்குச் சற்று முன்னால் உள்ள தார்ச்சாலையின் விளிம்பு, வெள்ளைக் கோடு, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றைக் காட்டும். அவ்வளவே அதன் பணி. நெடுந்தொலைவைக் காட்டுவது அதன் பணி அன்று. அதை ஏற்றிவிட்டோம் என்பதற்காக வேகத்தைக் கூட்டுபவர், ஊன்றுகோல் கிடைத்ததென்று ஓடத் தொடங்குபவரை ஒப்பார்.

மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பனித்துளிகள் ஒளி அலைகளைக் காட்டிலும் பன்மடங்கு பெரியவை. ஆதலால் அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறச் செய்கின்றன. மூடுபனி வெண்மையாகத் தோன்றுவதற்கும் அதுவே காரணம். மஞ்சள் ஒளி சிலர் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். எனினும், பயன் தருவது விளக்கு பொருத்தப்பட்ட உயரமும் அதன் ஒளி விழும் கோணமுமே, நிறமன்று.

எப்போது ஏற்றலாம்?

பிரிட்டனில் நடைமுறையிலுள்ள சாலை விதி இதற்குத் தெளிவான விடை தருகிறது. பார்வைத் தொலைவு பெரிதும் குறைந்து, பொதுவாக 100 மீட்டருக்கு உட்பட்டால் மட்டுமே மூடுபனி விளக்கை ஏற்றலாம். பார்வை தெளிந்தவுடன் அணைத்தே தீரவேண்டும். ஜெர்மனியில் பின்புறச் சிவப்பு மூடுபனி விளக்குக்கு வரம்பு இன்னும் கடுமையானது. பார்வை 50 மீட்டருக்குக் குறைந்தாலன்றி அதனை ஏற்றுதல் கூடாது. அவ்வளவு அடர்ந்த பனியில் வண்டியின் வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இந்த எண்கள் நம் சாலைகளுக்கும் நல்ல வழிகாட்டிகளே.

100 மீட்டரை ஓட்டுபவர் எவ்வாறு மதிப்பிடுவது? நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நடப்பட்டிருக்கும். அதில் பாதித் தொலைவே 100 மீட்டர். கிராமச் சாலைகளில் மின்கம்பங்கள் உதவும். இரு கம்பங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்பதைத் தம் ஊரில் ஒருமுறை நடந்து அளந்து வைத்துக்கொண்டால், பின்னர் எத்தனை கம்பங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணியே முடிவு செய்துவிடலாம்.

இந்த வரம்புக்குள் அடங்கும் வேளைகள் சிலவே. அடர்ந்த மூடுபனி ஒன்று. எதிரே உள்ளது தெரியாதவாறு கொட்டும் பெருமழை மற்றொன்று. வைக்கோல் எரிப்பதாலோ, குப்பை எரிப்பதாலோ சாலையை மூடும் புகை மூன்றாவது. 2018ஆம் ஆண்டு போகிப் பண்டிகையன்று பனியும் புகையும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைப்பட்டதைப் பலர் அறிவர். விமானத்தையே நிறுத்திய புகை, சாலையில் செல்லும் சைக்கிளை விட்டுவைக்குமா? இத்தகைய வேளைகளில் ‘டிம்’ விளக்கோடு முன்புற மூடுபனி விளக்கையும் சேர்த்து ஏற்றலாம்.

எப்போது ஏற்றலாகாது?

முதலாவதாக, தெளிந்த இரவில் ஏற்றலாகாது. வண்டிக்கு அழகு சேர்க்கும் என்றோ, கூடுதல் வெளிச்சம் கிடைக்கும் என்றோ இதனை எரியவிடுவது எதிரே வருபவர்க்குத் தீங்கு செய்வதாகும். கூசிய கண் மீண்டும் இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும். முதியவர்க்கு இன்னும் மிகுதியாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று விநாடிகளில் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டரையும் ஓட்டுபவர் குருடராகவே கடக்கிறார்.

இரண்டாவதாக, சாதாரண மழையில் ஏற்றலாகாது. நனைந்த தார்ச்சாலை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். தாழ்வாக விழும் மூடுபனி விளக்கின் ஒளி சாலையில் பட்டுத் தெறித்து எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கும். இலேசான மழைக்கு ‘டிம்’ விளக்கே போதும்.

மூன்றாவதாக, பனித்திட்டைக் கடந்தபின் எரியவிடலாகாது. நம் சமவெளியில் மூடுபனி தொடர்ச்சியாகப் படிவது குறைவு. ஏரிக்கரையில் அடர்ந்திருக்கும், மேட்டு நிலம் வந்ததும் மறைந்துவிடும், அடுத்த ஓடையில் மீண்டும் தோன்றும். ஏற்றியவர்கள் அணைக்க மறந்துவிடுகின்றனர். கார்களில் வண்டியோட்டுபவர் முன்னுள்ள பலகையில் விளக்கின் உருவமும், அதன் ஒளிக்கோடுகளைக் குறுக்கே வெட்டும் வளைகோடும் கொண்ட அடையாளம் ஒன்று தெரியும். முன்விளக்குக்குப் பச்சை நிறம். பின்விளக்குக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். பனி விலகியதும் அந்த அடையாளத்தைப் பார்த்து அணைத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும்.

கண்ட இடத்தில் வாங்கி டிராக்டர், மினி லாரி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் மாட்டப்படும் கடும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் மூடுபனி விளக்குகளே அல்ல. அவற்றுக்கு மேற்புற வெட்டு இராது. ஒளி எங்கும் தெறிக்கும். கண் கூசும் விளக்குகளை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. தம் விளக்கு சரியாக உள்ளதா என்பதை எவரும் எளிதில் சோதிக்கலாம். சமதரையில் ஒரு சுவருக்கு 25 அடி தொலைவில் வண்டியை நிறுத்தி விளக்கை ஏற்ற வேண்டும். சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 4 அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். உயர்ந்திருந்தால் விளக்கைத் தாழ்த்தித் திருகுதல் வேண்டும். விளிம்பே தெரியாமல் சுவர் முழுதும் ஒளி பரவினால் அவ்விளக்கைக் கழற்றிவிடுதலே நன்று.

பின்புறச் சிவப்பு விளக்கு

சில கார்களில் பின்புறமும் மூடுபனி விளக்கு உண்டு. அதன் சிவப்பொளி சாதாரணப் பின்விளக்கைவிடப் பன்மடங்கு வலியது. பிரேக் விளக்குக்கு ஒப்பானது. மிக அடர்ந்த பனியில், பின்னால் வருபவர் மோதாமல் தடுக்க இது பெரிதும் உதவும். ஆனால் தெளிந்த சாலையில் எரியவிட்டால் பிரேக் விளக்கு எரிவது பின்னால் வருபவர்க்குத் தெரியாமல் போய்விடும். காக்க வந்த விளக்கே மோதலுக்குக் காரணமாகிவிடும்.

நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர மின்னவிட்டுக்கொண்டு பனியில் ஓட்டுவதும் தவறான வழக்கமே. வண்டி நிற்கிறதா, நகர்கிறதா, எப்பக்கம் திரும்பப்போகிறது என்பது எவருக்கும் விளங்காது. வண்டி பழுதுற்று நின்றால் மட்டுமே அதனைப் பயன்படுத்துதல் முறை.

விளக்கினும் வேகமே முதன்மை

நல்ல விளக்கும் வேகத்தின் தவற்றைத் திருத்த மாட்டாது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்றும், பனியால் நனைந்த சாலையில் நல்ல பிரேக்குள்ள வண்டி செல்கிறது என்றும் கொண்டு கணக்கிட்டால், நிற்பதற்கு வேண்டிய தொலைவு ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் — 21 மீட்டர்
மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் — 32 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் — 60 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் — 95 மீட்டர்

வேகம் இரட்டிப்பானால் தொலைவு இரட்டிப்புடன் நிற்பதில்லை. ஏறத்தாழ மும்மடங்காகிவிடுகிறது என்பதை 40ஐயும் 80ஐயும் ஒப்பிட்டு அறியலாம்.

கிராமச் சாலைக்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊர்ச் சாலைகள் பல, ஒரு வண்டி செல்லும் அகலமே உடையவை. எதிரெதிரே வரும் இரு வண்டிகளும் கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நின்றாக வேண்டும். இரண்டும் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 120 மீட்டர் தேவை. பார்வை 100 மீட்டர்தான் என்றால் மோதல் தவிர்க்க இயலாதது. பார்வை 50 மீட்டர் என்றால் இருவரும் 30 கிலோமீட்டருக்கு மேற்படாமல் சென்றால் மட்டுமே, 42 மீட்டருக்குள் இருவரும் நிற்க இயலும். எனவே, தெரியும் தொலைவில் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகமே ஒற்றைச் சாலையில் சரியான வேகம். நெல் மூட்டை, கரும்பு ஆகியவற்றை ஏற்றிய வண்டி நிற்க இதனினும் மிகுதியான தொலைவு வேண்டும். பார்வை முற்றிலும் மறைந்தால் சாலையை விட்டு நன்கு விலகி வண்டியை நிறுத்திப் பனி கலையும்வரை காத்திருத்தலே அறிவுடைமை.

விளக்கில்லாதவர்களின் பாதுகாப்பு

மூடுபனியில் இரு கடமைகள் உண்டு. ஒன்று, பிறரைக் காண்பது. மற்றொன்று, பிறர் கண்ணுக்குத் தெரிவது. மூடுபனி விளக்கு இல்லாத மாட்டு வண்டிக்காரரும் சைக்கிள்காரரும் நடந்து செல்வோரும் இரண்டாவது கடமையைச் செவ்வனே ஆற்றலாம்.

டிராக்டர்ப் பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிரும் பட்டைகளை இரு ஓரங்களிலும் ஒட்டுதல் வேண்டும். கரும்போ வைக்கோலோ ஏற்றும்போது அவை மறையுமாயின், சுமையின் பின்புறத்திலேயே சிவப்பு விளக்கொன்றைக் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். மாட்டு வண்டியின் பின்சட்டத்திலும் நுகத்தடியின் முனைகளிலும், சைக்கிளின் மட்கார்டிலும் பெடலிலும், பால் கேனின் மீதும் ஒளிரும் பட்டை ஒட்டலாம். இதற்கு ஆகும் செலவு சிறிது. பயனோ ஓர் உயிர். நடந்து செல்வோர் வெண்ணிற ஆடை அணிந்து, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறம் செல்லுதல் நலம்.

அறுவடைக் காலத்தில் தார்ச்சாலைமீது நெல்லையும் பயறையும் உலர்த்தி, ஓரத்தில் கற்களை அடுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. பகலில் அக்கல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பனி மூடிய விடியலில் அதுவே மோட்டார் சைக்கிளில் வருபவர்க்கு எமனாகிவிடும். எந்த விளக்கும் அதனை வேளையில் காட்ட மாட்டாது. தானியத்தை அள்ளியவர் கல்லையும் அன்று மாலையே அகற்றிவிடுதல் வேண்டும்.

பஞ்சாயத்துகள் ஆற்றத்தக்க பணிகள்

ஓட்டுபவரின் அறிவு பாதி. சாலையின் அமைப்பு மீதிப் பாதி. அக்டோபர் 2இல் கூடும் கிராம சபையிலேயே இதனைப் பொருளாக எடுத்துக்கொண்டால், மார்கழிக்கு முன் பணிகளை முடித்துவிடலாம்.

ஏரிக்கரை, ஓடைப் பாலம், வளைவு ஆகியவற்றில் பனி வழக்கமாக எங்கே படிகிறது என்பதை ஊர் முதியோரும் பால்காரரும் நன்கு அறிவர். அவர்களைக் கேட்டு அவ்விடங்களைக் குறித்துக்கொள்ளலாம். அங்குள்ள பாலத்துக் கைப்பிடிச் சுவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்கலாம். சாலையோர மரங்களின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பு பூசலாம். வளைவுகளில் ஒளிரும் கம்பங்கள் நடலாம். சாலையை ஒட்டித் திறந்து கிடக்கும் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது எல்லாவற்றிலும் முதன்மையானது. சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதாயின், கிராம சபைத் தீர்மானத்தின் வாயிலாக அத்துறையை வேண்டிக்கொள்ளலாம்.

சாலையோரத்தில் வைக்கோலையும் குப்பையையும் எரிப்பதைத் தடுத்தல், கரும்பு வெட்டுத் தொடங்குமுன் டிராக்டர்காரர்களைக் கூட்டிப் பின்விளக்குகளைச் சோதித்தல், விபத்து நேர்ந்தால் 108 ஆம்புலன்சுக்கு இடத்தைத் தெளிவாகச் சொல்லும்பொருட்டுப் பாலங்களுக்கும் வளைவுகளுக்கும் பெயர்ப்பலகை வைத்தல் ஆகியனவும் பஞ்சாயத்தால் இயலும் பணிகளே.

மன்றங்களில் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர்ச் சாலையில் மூடுபனி மிகுதியாகப் படியும் இடங்கள் யாவை? அங்கு இரு மின்கம்பங்களுக்கு இடையே எத்தனை மீட்டர்?

2. அவ்விடங்களில் 50 மீட்டருக்குமேல் தெரியாதபோது டிராக்டரும் வேனும் எவ்வளவு வேகத்தில் செல்லலாம்?

3. நம் ஊரிலுள்ள டிராக்டர்ப் பெட்டிகளிலும் மாட்டு வண்டிகளிலும் ஒளிரும் பட்டை இல்லாதவை எத்தனை? அவற்றுக்குப் பட்டை ஒட்ட எவர் பொறுப்பேற்பார்?

4. சாலையோரத்தில் கைப்பிடிச் சுவரற்ற கிணறுகள் உள்ளனவா?

விளக்கு ஏற்றுவது நம் கண்ணுக்காக மட்டும் அன்று. எதிரே வருபவரின் கண்ணையும் எண்ணியே ஏற்றவும் அணைக்கவும் வேண்டும். தேவைப்படும்போது தாழ்ந்த ஒளி, தேவை தீர்ந்ததும் அணைத்த விளக்கு, எப்போதும் அடங்கிய வேகம் ஆகிய மூன்றையும் நம் ஊரார் கைக்கொள்வாராயின், விடியலில் பால் கொண்டு சென்றவர் காலைச் சிற்றுண்டிக்கு வீடு திரும்புவார்.